ஏற்காடு மலைக்கு எந்த பிக்கப்? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

அடிவாரத்துக்காரன்:
பத்து வருடமாக மேலே சிமெண்ட், கம்பி ஏற்றுகிறேன். வண்டி எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஹெச்பி?" மலைக்கு அது உதவாத கேள்வி. 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நடை வேகத்துக்கு வந்துவிடும். எதிரே பஸ் இறங்கினால் நின்றே ஆகவேண்டும். அங்கிருந்து கிளப்பும்போது இன்ஜின் 1,500 ஆர்பிஎம்கூட (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) தாண்டியிருக்காது. அந்த இடத்தில் டார்க், அதாவது இன்ஜின் சுற்றிவிடும் முறுக்கு விசை, இருக்கிறதா, அதைப் பாருங்கள்.

என்னுடையது பொலேரோ பிக்கப். 2.5 லிட்டர், 75 ஹெச்பிதான். ஆனால் 200 என்எம் (நியூட்டன் மீட்டர், டார்க்கின் அளவு) டார்க்கும் 1,400 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். 25 மூட்டை சிமெண்ட், அதாவது 1,250 கிலோவோடு இரண்டாவது கியரில் முக்கி முனகி ஏறிவிடுகிறது. மைலேஜ் லிட்டருக்கு ஆத்தூர் ரோட்டில் 14 கி.மீ., மலை ஏற்றத்தில் 7. ஷோரூமில் சொன்ன கணக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

குப்பனூர் வழி:
அண்ணா, நம்மது டாடா யோதா பிக்கப். 2.2 லிட்டர், 250 என்எம், 1,000 ஆர்பிஎம்மிலிருந்தே கிடைக்கும். வளைவில் கியரைக் குறைக்கும் வேலை பாதிதான்.

ஆனால் டார்க் மட்டும் போதாது என்று ஒரு மழைநாளில் தெரிந்தது. கிளட்ச் போன எஸ்டேட் ஜீப் ஒன்றைக் கயிறு கட்டி மேட்டில் இழுத்தேன். என் வண்டித் தொட்டியில் பாரம் இல்லை. பின் சக்கரம் ரெண்டும் பாசி பிடித்த ரோட்டில் சுற்றுகிறதே தவிர ஒரு அடி நகரவில்லை. டயர் கருகும் வாசனை வேறு. ஜீப்பில் இருந்த ஆறு காப்பி மூட்டையை என் தொட்டியில், பின் அச்சுக்கு மேலாக அடுக்கினோம். அங்கே பாரம் குறைந்தது, இங்கே பிடிப்பு வந்தது. முதல் கியரில் மெல்ல விட்டேன், ஏறிவிட்டது.

அடிவாரத்துக்காரன்:
சரியாகச் செய்தீர்கள் தம்பி. இறங்கும்போது மட்டும் கயிறு வேண்டாம், பின்னால் வரும் வண்டி உங்கள் மேலேயே வந்து மோதும். அதற்கு இரும்பு பார்தான். அப்புறம், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்களுக்கு: கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இப்போதைய இன்ஜின் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் சும்மா ஓடுவதற்கே டீசல் குடிக்கும், பிரேக்கும் சூடேறும். தொப்பூர் இறக்கத்திலும் இதே கதைதான்.

குப்பனூர் வழி:
பார் வாங்கிவிட்டேன் அண்ணா. கயிறை அந்த ஜீப்காரர் இன்னும் திருப்பித் தரவில்லை.