விட்டு விட்டு அடிக்கும் காற்றில் சிறிய பாய்மரப் படகு: வீச்சு வந்ததும் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

புதுப்பாய் கேட்கிறார்:

வணக்கம். ஒருவர் மட்டும் ஓட்டும் லேசர் படகு வைத்திருக்கிறேன், இப்போது ஐஎல்சிஏ என்று பெயர் மாற்றிவிட்டார்களே, அதுதான். பழைய படகு. பாய் நடுத்தர அளவு, 5.76 சதுர மீட்டர். என் எடை அறுபது கிலோவுக்குக் கொஞ்சம் மேல். காற்று சீராக 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வரை இருந்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை, டேக் (முன்பக்கம் காற்றைக் கடக்கும்படி திருப்புவது), ஜைப் (பின்பக்கம் காற்றைக் கடக்கும்படி திருப்புவது) எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டது. ஆனால் காற்று விட்டு விட்டு அடிக்கும் நாளில் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. சும்மா போய்க்கொண்டிருக்கும்போது திடீரென ஒரு வீச்சு வரும், படகு சாயும், டில்லர் (சுக்கானைத் திருப்பும் பிடி) கையைப் பிடித்து இழுக்கும், நான் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பேன். சில சமயம் அதுவாகவே நிமிரும், சில சமயம் கவிழும். ஏன் நிமிர்ந்தது ஏன் கவிழ்ந்தது என்றே புரிவதில்லை.

சிலர் "கயிற்றை விடு" என்கிறார்கள், சிலர் "காற்றைப் பார்த்துத் திருப்பு" என்கிறார்கள், சிலர் "வெளியே சாய்ந்து உட்கார், போதும்" என்கிறார்கள். மூன்றில் எது முதலில்? பெரிய புயல் காற்றைப் பற்றிக் கேட்கவில்லை, சராசரி 10, 12 நாட், நடுநடுவே 18, 20 என்று எகிறும் நாட்களைப் பற்றித்தான் கேட்கிறேன்.

சுக்கான்பிடி:

மூன்றும்தான், ஆனால் வரிசை முக்கியம். முதலில் காற்றை எதிர்த்து ஏறிப் போகும் நிலையை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அதிக நேரம் இருப்பது அதில்தான்.

வரிசை இது: மெயின்ஷீட்டை, அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, கொஞ்சம் விடுங்கள், அதே கணத்தில் உடம்பை வெளியே சாயுங்கள், படகு மட்டமானதும் ஷீட்டைத் திரும்ப இழுங்கள். இந்த மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுவார்கள். விட்ட கயிற்றை விட்டபடியே வைத்திருந்தால் பாய் படபடத்துக்கொண்டிருக்கும், படகு வேகம் இழக்கும், வேகம் இல்லாத படகில் சுக்கான் வேலை செய்யாது, அடுத்த வீச்சு வரும்போது நீங்கள் இன்னும் மோசமான நிலையில் இருப்பீர்கள். "கொஞ்சம்" என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஒரு முழங்கை நீளம். படகு மட்டமாக இருந்தால் அது போதும், இல்லையென்றால் இன்னும் விடுங்கள். கயிற்றின் நீளத்தைப் பார்த்து விடாதீர்கள், சாய்வைப் பார்த்து விடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 12 நாட் 20 ஆனால் காற்று "இன்னும் பாதி" கூடியது போலத் தோன்றும், ஆனால் பாயின் மேல் விசை கிட்டத்தட்ட மூன்று மடங்கு (20/12 என்பதை வர்க்கமாக்கிப் பாருங்கள், 2.8 வரும்). உங்கள் எடை அப்படியேதான் இருக்கிறது. அறுபது கிலோ உடம்பை எவ்வளவு வெளியே தொங்கவிட்டாலும் மூன்று மடங்கு ஆகாது. அதனால் "வெளியே சாய்ந்தால் போதும்" என்று உங்களிடம் சொன்னவர் அனேகமாக உங்களைவிடக் கனமானவர்.

அப்புறம் டில்லர் கையை இழுப்பது பற்றி. அதற்குக் காரணம் சாய்வு. படகு சாய்ந்ததும் தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பகுதி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, பாயின் இழுவையும் படகுக்கு வெளியே போய்விடும், இரண்டும் சேர்ந்து முன்பக்கத்தைக் காற்றை நோக்கித் திருப்பும். நீங்கள் டில்லரை இழுத்து அதோடு மல்லுக்கட்டினால் சுக்கான் வெறும் பிரேக்காக மாறிவிடும். டில்லர் கனத்தால் டில்லரோடு சண்டை போடாதீர்கள், ஷீட்டை விடுங்கள், கனம் தானாகக் குறையும்.

ஒரு சின்ன உதவியும் கிடைக்கும். வீச்சு வந்த கணத்தில் படகின் வேகம் இன்னும் கூடவில்லை, காற்று மட்டும் கூடிவிட்டது, அதனால் படகில் உணரும் காற்றின் திசை சற்றுப் பின்னால் நகரும். அதாவது காற்றை நோக்கி ஒரு சில டிகிரி கூடுதலாக ஏறலாம். ஷீட்டை விட்டு உடம்பைச் சாய்த்த கையோடு மெதுவாக அப்படி ஏறினால் பாயின் முன்விளிம்பு லேசாகத் தளர்ந்து சுமை குறையும், தூரமும் லாபம். மெதுவாக. வெடுக்கென்று திருப்பினால் நின்றுபோய் நடுக்காற்றில் மாட்டிக்கொள்வீர்கள்.

அலைமேல்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் "வீச்சு வந்தால் விடு, காற்றை நோக்கி ஏறு" என்பதை மட்டும் தலையில் ஏற்றிக்கொண்டு போனால் காற்று பின்னாலிருந்து வரும்போது நேராகத் தண்ணீரில்தான் போய் விழுவார். கேட்டவர் எந்தத் திசையில் போகும்போது கவிழ்கிறது என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

காற்று பக்கவாட்டிலிருந்து அல்லது பின்-பக்கவாட்டிலிருந்து வரும்போது விதி நேர் எதிர். வீச்சில் காற்றை விட்டு விலகிக் கீழே போக வேண்டும், காற்று குறைந்ததும் மேலே ஏற வேண்டும். விலகிப் போனால் காற்றோடு சேர்ந்து ஓடுகிறீர்கள், படகில் உணரும் காற்றே குறைகிறது, படகு சறுக்கத் தொடங்கும், சிறிய படகின் சந்தோஷமே அங்கேதான் இருக்கிறது. ஆனால் இதைச் சாய்வதற்கு முன்பே செய்ய வேண்டும். நன்றாகச் சாய்ந்த பிறகு டில்லரை இழுத்தால் சுக்கான் பாதி தண்ணீருக்கு வெளியே இருக்கும், திரும்பாது, படகு தன்னிஷ்டத்துக்குக் காற்றை நோக்கிச் சுழன்று கவிழும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் முதலில் ஷீட்டைத் தாராளமாக விட்டு மட்டப்படுத்துங்கள், பிறகு திருப்புங்கள். பூமின் (பாயின் அடிவிளிம்பில் இருக்கும் குறுக்குக் கழியின்) நுனி தண்ணீரைத் தொட்டுவிட்டால் ஷீட்டை விட்டும் பயனில்லை, பூம் வெளியே போகாது. அதனால் பக்கக் காற்றில் போகும் முன் பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வாங் கயிற்றைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள், பூம் நுனி மேலே இருக்கும், பாயின் மேல்பகுதியும் முறுக்கித் திறந்து காற்றைக் கொட்டிவிடும்.

நேர்ப் பின்காற்று இன்னும் வேறு கதை. அங்கே படகு பெரும்பாலும் பாய் இருக்கும் பக்கம் கவிழாது, உங்கள் பக்கம், காற்று வரும் பக்கம் உருளும். ஒரு ஆட்டம், இன்னொரு ஆட்டம், மூன்றாவதில் நீங்கள் முதுகு கீழாகத் தண்ணீரில். இதற்குக் காரணம் பெரும்பாலும் பூம் 90 டிகிரியைத் தாண்டி முன்னால் போயிருப்பதும் வாங் ரொம்பத் தளர்ந்திருப்பதும்தான், பாயின் மேல்பாதி முன்னால் முறுக்கிக்கொண்டு பாய்மரத்தை உங்கள் பக்கம் தள்ளுகிறது. இந்த இடத்தில் பயந்துபோய் ஷீட்டை விட்டீர்கள் என்றால் முடிந்தது. இங்கே ஷீட்டை இழுக்க வேண்டும், வேகமாக ஒரு கை நீளம், கூடவே கொஞ்சம் காற்றை நோக்கித் திருப்பி, உடம்பை உள்ளே கொண்டுவர வேண்டும். புதியவர்கள் நேர்ப் பின்காற்றில் போகவே வேண்டாம், இருபது டிகிரி ஒதுங்கி இரண்டு கோடாகப் போங்கள், தூரம் கூடும், நிம்மதியும் கூடும்.

புதுப்பாய்:

ரொம்ப நன்றி இருவருக்கும். இப்போது யோசித்தால் கவிழ்ந்ததெல்லாம் பக்கக் காற்றில்தான், ஏறிப் போகும்போது இல்லை. வாங் கயிற்றைக் கரையிலேயே ஒருமுறை இறுக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுவேன்.

இன்னொரு கேள்வி. படகின் இரண்டு பக்க மேல்தளத்திலும் ஷீட்டைக் கவ்வும் கிளீட் இருக்கிறது. கை வலிப்பதால் அதில் மாட்டிவிடுகிறேன். விட வேண்டும் என்றால் மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்க வேண்டும், சாய்ந்திருக்கும்போது அது வருவதில்லை. கழற்றிவிடலாமா?

சுக்கான்பிடி:

கழற்றிவிடுங்கள். அல்லது கழற்ற மனமில்லையென்றால் விட்டு விட்டு அடிக்கும் நாளில் அது இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கை வலிக்கு வேறு வழி உண்டு: நடுவில் இருக்கும் ராட்செட் பிளாக் (ஒரு திசையில் மட்டும் சுழலும் கப்பி) வேலை செய்கிறதா என்று பாருங்கள், சுமையில் பாதிக்கு மேல் அது தாங்கிக்கொள்ளும். "கடகட" சத்தம் வரவில்லை என்றால் சுவிட்ச் அணைந்திருக்கும் அல்லது கயிறு எதிர்த்திசையில் கோர்க்கப்பட்டிருக்கும். கையுறை போடுங்கள். கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொள்ள மட்டும் கூடாது, எந்தக் காரணத்துக்கும்.

ஏறிப் போகும்போது வாங், கன்னிங்ஹாம் (பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு), அவுட்ஹால் (பாயின் அடிவிளிம்பைப் பூம் நுனிப் பக்கம் இழுக்கும் கயிறு) மூன்றையும் நன்றாக இறுக்குங்கள். பாய் தட்டையானால் வீச்சின் அடி பாதியாகத் தெரியும். நீங்கள் இலேசானவர், அதனால் கன்னிங்ஹாமை வெட்கப்படாமல் இழுங்கள், பாயில் சுருக்கம் விழுந்து அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. வாங் நன்றாக இறுகியிருந்தால் ஷீட்டை விடும்போது பூம் மேலே எழாமல் வெளியே போகும், ஒரு முழம் விட்டாலே பலன் தெரியும். கீழே திரும்பும் முன் அதைத் தளர்த்த வேண்டும், இது அலைமேல் சொன்னதுதான்.

கரைக்காவல்:

மீட்புப் படகில் உட்கார்ந்து மற்றவர்கள் கவிழ்வதைப் பார்ப்பதுதான் பெரும்பாலும் என் வேலை, அதனால் சொல்கிறேன். கவிழ்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வீச்சு வரும்போது பூமையோ டில்லரையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீரைப் பார்ப்பதில்லை. வீச்சு ஒளிந்து வருவதில்லை. தண்ணீரின் மேல் கருத்த திட்டாக, சின்னச் சின்னச் சுருக்கங்களோடு நகர்ந்து வரும். காற்று வரும் பக்கம் பார்த்துக்கொண்டே போங்கள், திட்டு நெருங்கும்போது வாய்விட்டு "மூன்று, இரண்டு, ஒன்று" என்று எண்ணுங்கள். முதலில் கணக்குத் தப்பும், ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். ஒன்று என்னும்போது உடம்பு ஏற்கெனவே வெளியே நகரத் தொடங்கியிருக்க வேண்டும், கயிறு ஏற்கெனவே நழுவத் தொடங்கியிருக்க வேண்டும். பயம் வருவது ஆச்சரியத்தால்தான், வருவது தெரிந்துவிட்டால் கை இறுகாது.

வானிலை அறிக்கையைப் படிக்கும் விதத்தையும் கவனியுங்கள். காற்றின் வேகம் என்று போடுவது வழக்கமாகப் பத்து நிமிடச் சராசரி, உச்ச வீச்சு என்பது மூன்று விநாடிச் சராசரி. இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதுதான் உங்களுக்கு முக்கியம். சீரான 15 நாட்டைவிட 8க்கும் 18க்கும் நடுவே ஆடும் நாள் கடினம். கரையிலிருந்து தண்ணீரை நோக்கி அடிக்கும் காற்று எப்போதும் அதிகம் துள்ளும், மரம், கட்டடம் எல்லாம் அதைக் கலைத்துவிடும், ஒரு தடுப்பின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரைகூட அந்தக் கலக்கம் இருக்கும். கரையோரம் அமைதியாகத் தெரிகிறதே என்று கிளம்புவார்கள், நூறு மீட்டர் தாண்டியதும் அடி விழும். அதோடு, கவிழ்ந்தால் உங்களைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டே போவதும் அந்தக் காற்றுதான். பயிற்சிக்குக் கரையை நோக்கி அடிக்கும் காற்றைத் தேர்ந்தெடுங்கள், பக்கத்தில் இன்னொரு படகு இருக்கும் நாளாகப் பாருங்கள், மிதவைச் சட்டை கட்டாயம்.

சமாளிக்க முடியவில்லை என்றால் சமாளிக்கவே வேண்டாம். காற்று பக்கவாட்டுக்குச் சற்று முன்னாலிருந்து வரும்படி படகை வைத்து, ஷீட்டை முழுக்க விட்டுவிடுங்கள். பாய் கொடிபோல ஆடும், சத்தம் பயங்கரமாக இருக்கும், ஆனால் படகு ஏறக்குறைய நின்றுவிடும், கவிழாது. அப்படி நின்று தண்ணீர் குடிக்கலாம், கயிறு சரிசெய்யலாம், அழக்கூடச் செய்யலாம். இதை மெல்லிய காற்றிலேயே பழகி வையுங்கள்.

அப்புறம் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். 60 கிலோ எடைகூட இல்லாத வெற்றுப் படகு அது, ஒரு ஆள் நிமிர்த்தத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். படகு கவிழ்ந்துகொண்டிருக்கும்போதே மேல்விளிம்பைத் தாண்டி டாகர்போர்டின் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையின்) மேல் கால் வைத்துவிட்டால் தலைகூட நனையாது. டாகர்போர்டு முழுதாக இறங்கியிருக்கட்டும், அதன் பாதுகாப்புக் கயிறு கட்டியிருக்கட்டும், இல்லையென்றால் படகு முழுசாகத் தலைகீழானால் பலகை நழுவிப் போய்விடும். நிமிர்த்தும் முன் ஷீட் கிளீட்டில் சிக்கியில்லை என்று பாருங்கள், வாங்கைத் தளர்த்துங்கள். சிக்கியிருந்தால் நிமிர்ந்த படகு நீங்கள் ஏறும் முன்பே ஓட ஆரம்பிக்கும் அல்லது மறுபக்கம் கவிழும். எது நடந்தாலும் படகை விட்டு நீந்திப் போகாதீர்கள்.

அலைமேல்:

கரைக்காவல் சொன்னதோடு ஒன்று: வீச்சு வருவதைப் பற்றியே பேசுகிறோம், அது போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முழுக்க வெளியே சாய்ந்திருக்கும்போது காற்று சட்டென்று விழுந்தால் படகு உங்கள் மேலேயே வரும். முழங்காலை மடக்கி உள்ளே வாருங்கள், கொஞ்சம் காற்றை விட்டு விலகுங்கள், பாய் மறுபடி நிரம்பும். கால்பட்டையை ரொம்ப இறுக்கமாகவும் வேண்டாம், ரொம்பத் தொளதொளவென்றும் வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்து வயிற்றுத் தசையாலேயே எழ முடிகிற அளவு வையுங்கள்.

ஜைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். படகு வேகமாக ஓடும்போது செய்யுங்கள், தயங்கி வேகம் குறைந்த பிறகு செய்யாதீர்கள். வேகமாக ஓடும்போதுதான் பாயில் சுமை குறைவு. நம்பிக்கை இல்லாத நாளில் ஜைப் செய்யாமல் காற்றை நோக்கி ஏறி டேக் அடித்து ஒரு முழுச் சுற்று வாருங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

புதுப்பாய்:

கிளீட்டைக் கழற்றிவிட்டேன். ராட்செட் சத்தம் வரவில்லை, கயிறு தலைகீழாகத்தான் கோர்த்திருக்கிறது. 4.7 சதுர மீட்டர் சின்னப் பாய் ஒன்று கேட்டால் கிடைக்கும் போலிருக்கிறது, அதற்கு மாறலாமா, இல்லை இதிலேயே பழகுவதா?

சுக்கான்பிடி:

அதற்குக் கீழ்ப்பாய்மரமும் வேறு, அதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். 15க்கு மேல் துள்ளும் நாளில் சின்னப் பாய், மற்ற நாளில் இது. அவசரத்துக்குப் பாயைப் பாய்மரத்தின் மேலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் குறைக்கவும் முடியும், ஆனால் அதைத் தண்ணீரில் செய்யப் பார்க்காதீர்கள், கரையிலேயே செய்துவிட்டு இறங்குங்கள்.