நெடுந்தீவு சூரிய மின்திட்டத்தில் டீசல் எதற்கு?

கேள்வி: இலங்கையின் யாழ்ப்பாணத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய அரசின் 1.1 கோடி டாலர் மானியத்தில் சூரிய மின்சாரம் என்கிறார்கள், நல்ல விசயம். ஆனால் கூடவே 2500 கிலோவாட் டீசல் இயந்திரமும் ஏன்?

பதில்: இந்தத் தீவுகளுக்குத் தேசிய மின்கம்பித் தொடர்பே இல்லை அண்ணை. சூரியன் 1700, காற்றாலை 530 கிலோவாட், பேட்டரி 2400 கிலோவாட் மணி. மாரியில் நாலு நாள் வானம் மூடிக்கொண்டு நின்றால் பேட்டரி இறங்கிவிடும், அப்போதைக்குத்தான் டீசல்.

பதில்: அம்மம்மா வீடு நெடுந்தீவில். உப்புக்காற்றில் கூரைத் தகரம் கறள் பிடித்து, கை வைத்தாலே உதிரும். பேனல் துடைக்கவும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் கறள் பார்க்கவும் ஊர்ப் பெடியளையே பழக்க வேண்டும், பழுதுக்கெல்லாம் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறி ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது.

கேட்டவர்: சரி, விளங்குது. அப்புறம், பேட்டரி ஆயுள் முடிந்தால் மாற்றும் செலவு யாருடையது?