‘யாரும் இல்லை’ என்று எட்டு தடவை சொன்னால் திகில் வருமா?

வாடை (மண்டபம்): தனுஷ்கோடியில இடிஞ்ச தேவாலயத்தைப் பற்றி எட்டு அடி எழுதியிருக்கேன். எட்டும் ‘யாரும் இல்லை’ன்னுதான் முடியும். முதலடி: ‘மணலில் மெல்லச் சுருளும் அலை, யாரும் இல்லை’. அமானுஷ்யம் வருதா?

கச்சான் (கீழக்கரை): வரல. மூணாவது தடவையே காது பழகிடுது. அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போவோட ‘தி ராவன்’ (அண்டங்காக்கை, 1845) கவிதையைப் பாருங்க. 18 பத்தி, பத்திக்கு 6 அடி. அஞ்சு அடி நீளம், ஆறாவது ஏறக்குறைய பாதி. அந்தக் குட்டையடியிலதான் திரும்பத் திரும்ப வர்ற சொல் விழும். காக்கை சொல்ற ‘நெவர்மோர்’ (இனி ஒருபோதும் இல்லை) 8ஆம் பத்தியிலதான் வருது. கவிதையில பேசுறவன் முதல்ல காக்கையோட பேரைக் கேட்கிறான், கடைசியில செத்துப்போன காதலி லெனோரைச் சேருவேனான்னு கேட்கிறான். பதில் ஒண்ணுதான், கேள்விதான் கனத்துக்கிட்டே போகுது. பயம் அங்க இருக்கு, ஓசையில இல்ல.

கொண்டல் (தங்கச்சிமடம்): ஓசையில இல்லையா? ‘தி ராவன்’ எழுதின விதம் பத்தின 1846 கட்டுரையில போவே சொல்றார்: முதல்ல நீண்ட ‘ஓ’வும் ‘ர்’உம், அப்புறம்தான் அதுக்கேத்த சொல். வாடை தம்பி, உங்க ‘இல்லை’யில கடைசி ஐ குறுகிடும். ஐகாரக் குறுக்கம், ஒரு மாத்திரைதான் (ஒலிக்கிற நேர அளவு). கதவைச் சாத்தின மாதிரி நிக்குது. ‘இல்லையே’ன்னா ஏ ரெண்டு மாத்திரை, இழுக்கும்.

கச்சான்: அந்தக் கட்டுரை கவிதைக்கு மறு வருஷம் வந்தது, அதை அப்படியே நம்பணுமா? ‘ஏ’ன்னு இழுத்தா ஒப்பாரி ஆயிடும். காரைக்கால் அம்மையார் மூத்த திருப்பதிகத்துல பேய், சுடுகாடு எல்லாம் உண்டு. பாட்டுக்குப் பாட்டு ‘அப்பன் இடம் திருஆலங்காடே’ன்னு திரும்ப வரும். ஆனா அங்க அது ஆறுதல். அதே உத்தி, எதிர்மறை உணர்வு. அப்போ உணர்வை உண்டாக்குறது எது?

கொண்டல்: அதுவும் ஓசைதான், கச்சான் அண்ணே. அம்மையாரோட ‘கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண்’: ங்க, ம்ப, ண்டன்னு முட்டிக்கிட்டு வருது. அப்புறம் ‘காடே’ன்னு திறக்குது. முட்டினதாலதான் திறப்பு ஆறுதலாகுது. போவுல ‘நெவர்மோர்’ங்கிற ஓசை குகைக்குள்ள மாதிரி சுத்துது.

வாடை, இன்னொண்ணு. உயிருக்கு நடுவுல தனி ‘ச’ கிசுகிசுக்கும், ‘ச்ச’ அதட்டும். ‘மெல்லச் சுருளும்’னு நடுவுல வல்லின ‘ச்’ மிகுந்ததும் அலைச் சத்தம் போச்சு. ‘அசையும்’ போடுங்க.

வாடை: மூணு அளவடி (நாலு சீர்), ஒரு குறளடின்னு (ரெண்டு சீர்) மாத்திட்டேன்:

சுவரின் உப்பை அலைகள் நக்கும்
வாசல் மணலில் அசையும் நிழலும்
இன்னும் பூசைக்கு வந்தவர் யாரோ
யாரும் இல்லையே

கொண்டல்: ‘நக்கும்’ல ‘க்க’ இடிக்குது. ‘சுவரை உப்பு தின்னும் ஓசை’ன்னு வைங்க.

கச்சான்: எப்படியும் வைங்க. ரெண்டாம் பத்தியிலயும் ‘வந்தவர் யாரோ’ன்னே கேட்டா மறுபடி பழைய கதைதான். தனுஷ்கோடியை அழிச்ச 1964 டிசம்பர் புயல்ல போன ரயிலைப் பத்திக் கேளுங்க. மூணாவதுல, கேட்கிறவன் தன்னையே கேட்கணும். அதுக்கும் அதே நாலாவது அடி விழட்டும்.

கொண்டல்: விழும். ஆனா ‘ஏ’யோட விழணும்.