அலுமினிய வார்ப்பில் கிரெயின் (உலோகம் உறையும்போது உண்டாகும் படிகமணி) பருமனாகவே வருகிறது

சுங்கை சிப்புட்டில் சின்ன வார்ப்புப் பட்டறை, தோட்டத்துப் பம்புகளுக்குப் புல்லி ஊற்றித் தருகிறோம். ஏ356 என்ற சிலிக்கன் கலந்த வார்ப்பு அலுமினியம், மணல் அச்சு. மூன்று வாரமாக நடுவில் அச்சுத்தண்டு நுழையும் இடத்தில் விரிசல். வெட்டித் தேய்த்து காஸ்டிக் சோடாவில் முக்கிப் பார்த்தால் கிரெயின் எல்லாம் கல்லுப்பு மாதிரி தெரிகிறது. ஊற்றும் சூட்டை 780 டிகிரியிலிருந்து 720க்குக் குறைத்தோம், உருகிய உலோகத்தில் கரைந்த வாயுவை நீக்கினோம், அப்புறம் 5 விழுக்காடு டைட்டானியமும் 1 விழுக்காடு போரானும் உள்ள, கிரெயினைப் பொடிசாக்கும் கம்பியும் போட்டுப் பார்த்தோம். போட்டதும் ஊற்றிய முதல் இரண்டு அச்சு அருமை, மூசையில் (உருக்கும் பாத்திரத்தில்) முக்கால் மணி நேரம் கிடந்து ஊற்றியதெல்லாம் மறுபடி பழைய கதைதான். தம்பி மணலைக் குறை சொல்கிறான், எனக்கு நம்பிக்கையில்லை. கிரெயினைப் பொடிசாக்கும், கம்பியிலுள்ள டைட்டானியம் டைபோரைடு துகள் மூசையின் அடியில் படிகிறது என்றுதான் நினைக்கிறேன். ஊற்றுமுன் நன்றாகக் கிளறிவிட்டால் போதுமா, இல்லை கம்பியை மறுபடி போட வேண்டுமா?