நீர் தேங்கும் மண்ணுக்கு நொச்சியா? ஆற்றங்கரைக் கதையை நிறுத்துங்கள்

மண்வெட்டி:
வேலிக்காரன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "தோட்டத்தில் நீர் தேங்குகிறதா? குழியின் அடியில் ஒரு சாண் உயரம் கூழாங்கல் பரப்பி நொச்சியை நட்டுவிடுங்கள். ஆற்றங்கரையிலேயே நிற்கிற செடிக்கு உங்கள் தோட்டத்து ஈரம் எம்மாத்திரம்?" என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பாராட்டு மழை வேறு.

ஆற்றங்கரை வேறு, களிமண் தோட்டம் வேறு. ஆற்றங்கரையில் மணலும் வண்டலும் கலந்து கிடக்கும். வெள்ளம் ஏறும், இறங்கும். இறங்கியதும் வேருக்குக் காற்று கிடைத்துவிடும். களிமண்ணில் தேங்கிய நீர் நகராது. நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. மண்ணின் துளைகள் எல்லாம் நீரால் அடைபட்டால், மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வேரும் நுண்ணுயிர்களும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அப்புறம் வேர் அழுகத்தான் செய்யும்.

வேலிக்காரன்:
ஐயா, நீங்கள் படித்ததை எழுதுகிறீர்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன். எங்கள் வேலி முழுக்க நொச்சிதான். அடைமழைக் காலத்தில் கணுக்கால் ஆழத்துக்கு நீர் நிற்கும். ஒரு செடிகூடச் சாகவில்லை. ஒடித்து நட்டாலே துளிர்க்கிற செடி அது. ஆற்றங்கரையில் நொச்சி வளர்கிறதா இல்லையா? ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லுங்கள்.

கரிசல்காடு:
இருவரும் 'நீர் தேங்குவது' என்று எதைச் சொல்கிறீர்கள்? மழை விட்டு ஒரு நாள் நிற்பதா, ஒரு வாரம் நிற்பதா? 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 2.5 செ.மீ.க்கும் குறைவாக இறங்கினால் வடிகால் மோசம். அந்த அளவைச் சொல்லிவிட்டு வாதம் செய்தால் நன்றாக இருக்கும்.

மண்வெட்டி:
வளர்கிறது. ஆனால் கரையில் வளர்கிறது, குட்டையில் வளரவில்லை. இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்? உங்கள் வேலியின் படத்தைப் போன மழையின்போது நீங்களே இங்கே போட்டிருந்தீர்கள். நான் மறக்கவில்லை. வேலி வரப்பின் மேல் நிற்கிறது. வரப்புக்கு இருபுறமும்தான் நீர். செடியின் அடித்தண்டைச் சுற்றி மண் வெடித்துக் காய்ந்திருந்தது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஒரு முழ உயர மேட்டில் நின்ற செடியைக் காட்டிவிட்டு, பள்ளத்தில் நடச் சொல்கிறீர்களே, இது நியாயமா?

வேலிக்காரன்:
வரப்பு என்ன மலையா? கீழே இருப்பதும் அதே களிமண்தான். வேர் வரப்போடு நின்றுவிடுமா? நீருக்குள் இறங்காதா? ஆற்றங்கரையில் வளர்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், அது போதும்.

தாழைமடல்:
நொச்சியை விட்டுத்தான் வாருங்களேன். ஈர மண்ணுக்கென்றே நம்மிடம் வேறு செடிகள் இருக்கின்றன. சங்கங்குப்பி உப்பங்கழி ஓரத்தில் தானாக வளரும். வெட்ட வெட்ட அடர்ந்து நல்ல வேலியாகும். வெள்ளைப் பூவிலிருந்து செந்நிறக் கேசரங்கள் நீண்டு நிற்கும் அழகே தனி. இடம் தாராளமாக இருந்தால் தாழை வைக்கலாம், முள்தான் தொல்லை. விரைவில் வளர வேண்டுமானால் சிற்றகத்தி. நீரில் நின்றால் அதன் அடித்தண்டு பஞ்சுபோல உப்பி, உள்ளே காற்றறைகள் உண்டாகும். அந்த வழியாகத்தான் வேருக்குக் காற்று இறங்குகிறது.

வேலிக்காரன்:
சங்கங்குப்பி உப்பங்கழி ஓரத்தில் வளர்ந்தால் தோட்டத்துக்கு ஆகும். நொச்சி ஆற்றங்கரையில் வளர்ந்தால் ஆகாது. அப்படித்தானே? உப்பங்கழியிலும் ஓதநீர் ஏறி இறங்கத்தானே செய்கிறது? அதையும் 'ஓடும் நீர்' என்று தள்ளிவிடுங்கள், மண்வெட்டி ஐயா. உங்கள் சட்டம் எல்லாச் செடிக்கும் பொதுவாக இருக்கட்டும்.

மண்வெட்டி:
சட்டம் பொதுவானதுதான். கழிமுகத்துச் சேற்றை ஒரு கை அள்ளிப் பாருங்கள். கறுத்திருக்கும், அழுகிய முட்டை வாடை அடிக்கும். காற்றில்லாத மண்ணின் அடையாளம் அது. அத்தகைய சேற்றின் ஓரத்தில், உப்பையும் தாங்கி நிற்கிற செடியும், மணல் கலந்த கரையில் நிற்கிற செடியும் ஒன்றா? 'நீர் பக்கத்தில் இருக்கிறது' என்பதை மட்டும் பார்க்கிறீர்கள். மண் எது என்று பார்க்க மாட்டேன் என்கிறீர்கள்.

கூழாங்கல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் பெரிய கேடு. களிமண்ணின் துகள் 0.002 மி.மீ.க்கும் சிறியது. துகள்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய துளைகள் நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கீழே பெரிய இடைவெளியுள்ள கல் இருந்தால், மேலே உள்ள மண் முற்றிலும் நிறையும்வரை நீர் கல்லுக்குள் இறங்காது. கல் போட்டதால் ஈரம் செடியின் வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நிறைந்த பிறகாவது வடியுமா என்றால், குழியைச் சுற்றியும் களிமண். எங்கே வடியும்? அது களிமண் தொட்டி. கல் வேண்டாம், குழியும் வேண்டாம். 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு அகலமாக மண்ணை மேடாக்கி, மட்கிய தழையைக் கலந்து, அதன்மேல் நடுங்கள். அப்போது நொச்சிகூட வரும்.

வேலிக்காரன்:
'நொச்சிகூட வரும்'! இதைத்தானே நானும் சொன்னேன்?

மண்வெட்டி:
இல்லை. நீங்கள் சொன்னது குழியும் கல்லும். நான் சொல்வது மேடு.

முதல்தோட்டம்:
நான் புதியவன். குட்டையிலேயே ஊதா நிறப் பூவோடு செழிப்பாக நிற்குமே, காட்டாமணக்கு, அதை வேலிக்கு வைத்தால் என்ன? நீரைப் பற்றிய கவலையே இல்லையே. மஞ்சள் அரளியும் எங்கும் பார்க்கிறேன்.

தாழைமடல்:
தம்பி, நீங்கள் சொல்வது நெய்வேலிக் காட்டாமணக்கு. அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. ஒரு துண்டு நீரில் விழுந்தால்கூட வேர்விட்டு வாய்க்கால் முழுவதையும் அடைத்துவிடும். ஆடு தின்றால் நஞ்சு. தயவுசெய்து நடாதீர்கள். மஞ்சள் அரளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததே; அதன் விதை கொடிய நஞ்சு. குழந்தைகள் விளையாடும் இடத்தில் வைக்கக் கூடாது.

வேலிக்காரன்:
அப்படியானால் சிற்றகத்தி மட்டும் நம் மண்ணில் பிறந்ததா? ஆப்பிரிக்கா முழுவதும் இருக்கிற செடி அது. நொச்சி அப்படியல்ல. மதிலைக் காத்து நின்ற வீரர்கள் சூடிய பூ. ஒரு திணைக்கே பெயர் கொடுத்த செடியைக் களிமண்ணுக்கு ஆகாது என்று சொல்ல மனம் எப்படி வருகிறது?

மண்வெட்டி:
வீரர்கள் அதைத் தலையில் சூடினார்கள், அகழிக்குள் நடவில்லை. இலக்கியப் பெருமையால் வேருக்கு ஆக்சிஜன் கிடைத்துவிடாது.

தாழைமடல்:
சிற்றகத்தி நம் நாட்டில் காலங்காலமாக இருக்கிறது, ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் இருந்தால் நம்முடையது இல்லையா? செவ்வரளியும் மத்தியதரைக் கடற்கரை வரை இருக்கிறது. அதையும் வெட்டி எறியச் சொல்வீர்களா?

வேலிக்காரன்:
நான் எறியச் சொல்லவில்லை. எனக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா என்றுதான் கேட்கிறேன். அது கிடக்கட்டும். சென்ற முறை இதே மண்வெட்டி ஐயா ஈர நிலத்தில் ஆவாரை நடச் சொன்னார். இலை மஞ்சளாகிக் கொட்டிய படத்தை ஒரு நண்பர் இங்கே போட்டார். அதைப் பற்றிப் பேச்சே காணோம்.

மண்வெட்டி:
பொய். மேட்டில் நடச் சொன்னேன், அவர் பள்ளத்தில் நட்டார். ஆவாரை வறண்ட நிலத்துச் செடி என்பதை அங்கேயே எழுதியிருக்கிறேன். இன்னொன்றும் நடந்தது: இலை வாடியதைப் பார்த்து, நீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றினார். வேர் மூச்சுத் திணறும்போதும் இலை வாடத்தான் செய்யும். ஊற்றச் சொல்லிக் கருத்து எழுதியது யார் என்று போய்ப் பாருங்கள், வேலிக்காரரே. களிமண்ணில் இரண்டு கூடை மணலைக் கொட்டச் சொன்னதும் நீங்கள்தான். அது செங்கல்லாக இறுகியதுதான் மிச்சம்.

கரிசல்காடு:
குழி வெட்டி அளந்தவர் யாராவது இருக்கிறீர்களா?

முதல்தோட்டம்:
ஜிப்சம் போட்டால் களிமண் இளகும் என்கிறார்களே?

மண்வெட்டி:
சோடியம் மிகுந்த களர் மண்ணாக இருந்தால் இளகும். மற்றக் களிமண்ணில் பயன் மிகக் குறைவு. மண் பரிசோதனை செய்யாமல் வாங்காதீர்கள். முதலில் ஒரு முழ ஆழம் தோண்டி மண்ணின் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறமும் துருப்பிடித்ததுபோன்ற திட்டுகளும் தெரிந்தால், அங்கே ஆண்டில் பல நாள் நீர் நிற்கிறது. சங்கங்குப்பியை வையுங்கள். நொச்சி வேண்டுமென்றால் மேடு போடுங்கள்.

வேலிக்காரன்:
தம்பி, மேடும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம். ஒரு நொச்சிக் கொம்பை ஒடித்து நடுங்கள். வளரவில்லை என்றால் என்னிடம் வந்து கேளுங்கள்.

மண்வெட்டி:
கேட்பார், நானும் கூட வந்து கேட்பேன். அதற்குமுன் உங்கள் வரப்பின் உயரத்தை அளந்து இங்கே எழுதுங்கள்.

வேலிக்காரன்:
என் வரப்பை அளக்க நீங்கள் யார்?