நெறிக்கட்டி, டிபி மாத்திரை, கடைசியில் லிம்போமா: எச்ஐவியோடு வாழ்பவர்கள், வீட்டார் அனுபவம்

பொருநைக்கரை

அண்ணனுக்கு சிடி4 (நோய் எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை) 38. எச்ஐவிக்கான ஏஆர்டி மாத்திரையை நடுவில் விட்டுவிட்டு, காய்ச்சல் வந்த பிறகு மறுபடி போய் நின்றவர். கழுத்தில் நெறி கட்டியிருந்தது, ராத்திரி வியர்வை, உடம்பு இளைத்துவிட்டது. வேறென்ன, டிபி என்றார்கள். ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததில் தெளிவாக ஒன்றும் வரவில்லை, ஆனாலும் மாத்திரை ஆரம்பித்தாயிற்று. காய்ச்சல் கொஞ்சம் அடங்கியது. கட்டி மட்டும் அடங்கவில்லை.

மாமா மகள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன்னால் நின்று காலர் பட்டனைப் போடப் பார்த்தார். முடியவில்லை. "துவைச்சதுல சட்டை சுருங்கிப் போச்சுடே" என்றார். மதினி வாயே திறக்கவில்லை. அன்றைக்குத்தான் கவர் பிரித்த புதுச்சட்டை அது.

அப்புறம்தான் பயாப்சி. பெரிய பி-செல் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், நாலாம் ஸ்டேஜ். இரண்டாவது கீமோவுக்குப் பிறகு நிமோனியாவில் போய்விட்டார். அந்தக் கட்டியை யாராவது முன்னாடியே அறுத்துப் பார்த்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

லேப்காரன்

வருத்தமாக இருக்கிறது. ஆனால் டிபி மாத்திரை கொடுத்ததையே தப்பு என்று சொல்லிவிட முடியாது. நம் ஊரில் எச்ஐவி இருப்பவருக்கு நெறி கட்டினால் முதல் சந்தேகம் டிபிதான், பெரும்பாலும் அதுவாகவும் இருக்கும். நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு அம்மாவுக்கு ஒரே நெறியில் டிபி கிருமியும் இருந்தது, லிம்போமாவும் இருந்தது. ஸ்லைடைப் பார்த்த மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். டிபி ரிசல்ட் வந்ததோடு ஃபைலை மூடியிருந்தால் இன்னொன்று தெரிந்தே இருக்காது.

தப்பு, ஊசி டெஸ்ட்டோடு நின்றதில். அதில் வருவது சிதறிய செல்கள். லிம்போமா என்று சொல்லவும், எந்த வகை என்று பிரிக்கவும் நெறியை முழுசாகவோ ஒரு துண்டாகவோ எடுத்துப் பார்க்க வேண்டும்.

மல்லிகா_மதுரை

லேப்காரன் சார், மாத்திரை சாப்பிட்டும் கட்டி வளர்கிறது என்று வீட்டில் இருப்பவர்கள் சொன்னால் அதைக் காதில் வாங்க வேண்டாமா? பொருநைக்கரை கேட்பது அதைத்தான்.

எங்கள் கதை வேறு. இவருக்கு வைரல் லோட் (ரத்தத்தில் வைரஸ் அளவு) கட்டுக்குள் இருந்தபோதே லிம்போமா வந்தது. இரண்டாம் வரிசை ஏஆர்டி மருந்து, அட்டாசனவிர்-ரிட்டோனவிர். கீமோ ஏற்றிய வாரமே வயிறு உப்பி, மலம் போகாமல் துடித்தார். பிறகு கால் மரத்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி விறுவிறுவென்று நடக்கிறார், ஒரு செருப்பு படியிலேயே கிடக்கிறது. கண்டக்டர் கூப்பிட்டுக் காட்டும்வரை அவருக்குத் தெரியவில்லை.

புதிதாக வந்த ஒரு சின்ன டாக்டரம்மாதான் "ஏஆர்டியில என்னென்ன மாத்திரைன்னு காட்டுங்க" என்று ஏஆர்டி சென்டரில் கொடுத்த பச்சைப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். ரிட்டோனவிர் இருந்தால் கீமோவில் ஏற்றும் வின்கிறிஸ்டின் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறாதாம். அது தேங்கி நரம்பைத் தாக்குமாம். ஏஆர்டி டாக்டரிடம் போனில் பேசி டொலுடெக்ராவிருக்கு மாற்றினார்கள். அதுவரை கீமோ வார்டில் ஒருவரும் அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

பல்லாண்டு

நான் பல் மருத்துவமனை ஊழியன். ஒருவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கிய இடம் ஆறவில்லை, சதை தள்ளிக்கொண்டு வந்தது. பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமா. எச்ஐவி இருக்கிறது என்பதே அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். பிழைப்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம் அல்ல. வயது, ஸ்டேஜ், ரத்தத்தில் எல்டிஎச் என்ற நொதியின் அளவு, நோயாளி எழுந்து நடமாடுகிறாரா, மூளைக்கோ எலும்பு மஜ்ஜைக்கோ போயிருக்கிறதா, இதெல்லாம் எச்ஐவி இல்லாதவருக்கும் உள்ளதுதான். கூடுதலாக சிடி4. 100க்குக் கீழே என்றால் கவனம், 50க்குக் கீழே என்றால் ரொம்பவே கவனம். கீமோவோடு ரிட்டுக்சிமாப் மருந்தையும் சேர்த்த பழைய ஆய்வு ஒன்றில் தொற்றில் இறந்தவர்கள் பெரும்பாலும் 50க்குக் கீழே இருந்தவர்கள்தான். கீமோ முடியட்டும் என்று ஏஆர்டியை நிறுத்தாதீர்கள். 1996க்கு முன்னால் இந்த நோய் வந்தால் மாதக்கணக்குதான். கூட்டு ஏஆர்டி வந்த பிறகுதான் முழு டோஸ் கீமோவைத் தாங்க முடிந்தது. ஏஆர்டியில் சிடோவுடின் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், ரத்த அணுக்களை இன்னும் இறக்கிவிடும். டிபிக்கு ரிபாம்பிசின் ஓடினால் டொலுடெக்ராவிர் காலையும் மாலையும் வேண்டும். தொற்று வராமல் தடுக்கக் கொடுக்கும் செப்ட்ரானை விடாதீர்கள். மஞ்சள் காமாலை பி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நாட்டு மருந்து எதையும் டாக்டரிடம் சொல்லாமல் சேர்க்காதீர்கள்.

பொருநைக்கரை

பல்லாண்டு, அண்ணன் செத்துப்போய்விட்டார். யாருக்கு இந்த லிஸ்ட்?

மல்லிகா_மதுரை

விடுங்க தம்பி, படிக்கிறவர்கள் யாருக்காவது ஆகும்.

ஆனால் பல்லாண்டு சார், ஏஆர்டியை நிறுத்தாதே என்று எழுதுவது சுலபம். கீமோ ஒரு ஊர், ஏஆர்டி சென்டர் இன்னொரு ஊர். இவர் டிரிப்ஸோடு படுத்திருக்கிறார், மாத்திரையோ நாலு நாளைக்குத்தான் இருக்கிறது. ஆளை நேரில் கூட்டிவரச் சொன்னார்கள். வார்டு அட்மிஷன் சீட்டையும் பச்சைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நானே போய் கவுன்சிலர் மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் கொடுத்தார்கள். யாராவது இந்த நிலைமையில் இருந்தால் சீட்டில் வார்டு டாக்டர் கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள், என்னை முதலில் திருப்பி அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.