முதல் சுற்று 69 விநாடி

குழு: குன்னூர் தாத்தா வீடு
சனிக்கிழமை

மாலை 5:48
அப்பா: மாவட்டப் போட்டியில் பாப்பா 800 மீட்டரில் இரண்டாவது. 2 நிமிடம் 34 விநாடி. ஊட்டியில் இன்னும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம். ஒரே பனிமூட்டம்.

அத்தை: என் தங்கமே! நேராக இங்கே வந்துவிடுங்கள், டீயும் வர்க்கியும் தயாராக இருக்கும்.

சித்தப்பா: இரண்டாவதாம்! ஏமாற்றி ஜெயித்திருக்கிறார்கள், நான் அங்கேயே நின்று பார்த்தேன். ஒரே பள்ளியிலிருந்து இரண்டு பெண்கள். துப்பாக்கி வெடித்ததும் ஒருத்தி 400 மீட்டர் ஓடுகிற மாதிரி பறந்தாள், பாப்பாவும் அவளை விடாமல் பின்னாலேயே போனாள். இரண்டாவது சுற்றில் முதலில் போனவள் கிட்டத்தட்ட நின்றே போய்விட்டாள். பாப்பாவுக்கும் கால் கட்டிக்கொண்டது. கடைசியில் நிதானமாக வந்துகொண்டிருந்த மற்றவள் முதல் இடத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். இதற்குப் பெயர் ஓட்டமா?

பெரியப்பா: முதல் சுற்று, அந்த 400 மீட்டர், எவ்வளவு?

அப்பா: 69.

பெரியப்பா: 69-ஆ? அவள் எப்போதும் 74-இல் தானே வருவாள்!

நான்: அப்பா, ஜெயித்த பெண்ணுக்கு முதல் சுற்று எவ்வளவு, பார்த்தீர்களா?

அப்பா: 75. மொத்தம் 2:32.

பெரியப்பா: போச்சு. ஊட்டி உயரத்தில் முதல் சுற்றில் ஐந்து விநாடி கூடுதலாகக் கொடுத்தால் கடைசி 200 மீட்டரில் வட்டியோடு திருப்பிக் கேட்கும். 69 போக இரண்டாவது சுற்றுக்கு 85. தன் வேகத்திலேயே 74, 77 என்று போயிருந்தால் 2:31.

மாலை 6:20
சித்தப்பா: அதைத்தானே அண்ணா நானும் சொல்கிறேன்! திட்டம் போட்டுக் கெடுத்திருக்கிறார்கள். புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருவர் சேர்ந்து ஒருத்தியை வீழ்த்துவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

பெரியப்பா: சட்டத்தில் தடை இல்லையே தம்பி. வெளி ஆள் டிராக் ஓரமாகக் கூடவே ஓடி வேகம் காட்டினால்தான் தப்பு. பெயர் கொடுத்து ஓடுகிறவள் முதல் சுற்றை எவ்வளவு வேகமாகவும் ஓடலாம். லேன் விஷயம் வேறு. முதல் வளைவு முடிந்து கோடு வரும்வரை அவரவர் லேனில்தான் ஓட வேண்டும், அதற்கு முன்பே உள்ளே வந்தால் தகுதி நீக்கம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நம் நாட்டு ஓட்டக்காரி ஷைனிக்கு 800 மீட்டரில் பதக்கம் போனது அப்படித்தான். இன்று அந்த மாதிரி ஏதாவது நடந்ததா?

சித்தப்பா: லேன் தப்பு இல்லை. ஆனால் கடைசி வளைவில் முந்தும்போது பாப்பாவின் முன்னால் வெட்டி உள்ளே வந்தாள். வீடியோ போடுகிறேன்.

[வீடியோ, 11 விநாடி]

பெரியப்பா: மூன்று தடவை பார்த்துவிட்டேன். எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறாய். தலைகள் தெரிகின்றன, கால்கள் தெரியவில்லை. முந்தி வந்து பின்னால் வருபவரின் ஓட்டத்தைத் தடுத்தால் நடுவர் தகுதி நீக்கம் செய்யலாம், அது உண்மை. ஆனால் சர்வதேச விதிப்படி முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் முறையீடு செய்ய வேண்டும். பாப்பாவையே கேள்.

பாப்பா: இடிக்கவில்லை சித்தப்பா. அவள் முந்தும்போது எனக்குக் கால் கனத்துப் போயிருந்தது. புகார் வேண்டாம்.

சித்தப்பா: நீ சும்மா இரு. விட்டுக்கொடுத்தே பழகிவிட்டாய்.

அம்மா: அவளைத் திட்டாதீர்கள் தம்பி. மதியம் முழுக்க அழுதிருக்கிறாள்.

மாலை 6:41
சித்தி: ஆசிரியையாக நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். முதல் இடத்துக்கு 5, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 1. இந்தப் புள்ளியைக் கூட்டித்தான் பள்ளிக்கு ஒட்டுமொத்தக் கோப்பை. கோப்பை வந்தால்தான் அந்தப் பள்ளியின் பி.டி. சார் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ, தாண்டி ஓடுகிற ஹர்டில்ஸ் என்று கேட்க முடியும். இல்லையென்றால் அவருடைய வகுப்பையும் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பள்ளியில் அதுதான் நடக்கிறது.

பெரியப்பா: அதுவும் சரிதான். கூட்டாக ஓடுவது பெரிய இடங்களிலும் உண்டு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக், 1500 மீட்டர். மெக்சிகோ நகரமும் நம் ஊட்டியும் ஒரே உயரம், சுமார் 2,240 மீட்டர். கென்யாவின் ஜிப்சோ முதல் சுற்றை 56 விநாடியில் இழுத்தார். அவருடைய நாட்டுக்காரர் கிப் கெய்னோ பின்னாலேயே வந்து கடைசிவரை வேகத்தைக் குறைக்காமல் 3:34.9-இல் தங்கம் வாங்கினார். உலக சாதனை வைத்திருந்த அமெரிக்கர் ஜிம் ரயன் இரண்டாவது. பட்டாளத்தில் நான் 1500 ஓடிய காலத்தில் எங்கள் பயிற்சியாளர் வாரம் ஒரு தடவை இந்தக் கதையைச் சொல்வார்.

நான்: ஆனால் ரயன் ஜிப்சோவின் பின்னால் போகவில்லையே பெரியப்பா?

பெரியப்பா: போகவில்லை. அந்த உயரத்தில் 3:39 ஓடினாலே ஜெயிக்கலாம் என்று நினைத்து, தன் கணக்கிலேயே ஓடினார். கணக்கைவிட வேகமாகவே முடித்தார், 3:37.8. அன்று கெய்னோ அதையும் விட நன்றாக ஓடினார், அவ்வளவுதான். நம் பாப்பா தன் கணக்கை விட்டுவிட்டாள். அது அவள் கற்றுக்கொள்ள வேண்டியது, அதற்கு எதிராளியைக் குறை சொல்ல முடியாது.

பாப்பா: தெரியும் பெரியப்பா. 200 மீட்டரிலேயே மூச்சு வேறு மாதிரி இருந்தது. விட்டால் பிடிக்க முடியாது என்று பயந்துவிட்டேன்.

இரவு 7:35
பாப்பா: ஒன்று சொல்லட்டுமா? முன்னால் ஓடின அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பு. ஓட்டம் முடிந்து குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்பைக்ஸ் பள்ளியுடையது, அளவு பெரிது. கழற்றும்போது முன்பக்கத்திலிருந்து நியூஸ் பேப்பர் உருண்டை விழுந்தது, நனைந்து கூழாகி இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். "சாரி அக்கா" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "முதல் சுற்று மட்டும் ஓடு, உன் பின்னால் அந்த நாலாம் லேன் பெண் வருவாள், அதற்கப்புறம் நீ நடந்து வந்தாலும் பரவாயில்லை" என்று சார் சொல்லி அனுப்பினாராம். நாலாம் லேன் நான்தான்.

பாப்பா: மாவட்டத்துக்கு முன்னால் நடந்த குறுவட்டப் போட்டியில் இவள்தான் முதலாவதாம். இன்று ஜெயித்த அக்கா அங்கே இரண்டாவது. "அவள் பத்தாவது, அடுத்த வருடம் உன்னுடையது" என்றாராம்.

அத்தை: அடப்பாவமே.

சித்தப்பா: இது எனக்குத் தெரியாதே. கடைசியாக வந்தாளே, அவளா?

பாப்பா: ஆமாம். அவள் அப்பா வேலைக்கு லீவு போட்டுப் பார்க்க வந்திருந்தார். அவரிடம் வயிற்று வலி என்று சொல்லியிருக்கிறாள்.

இரவு 7:52
நான்: மாலையிலிருந்து பாப்பாவுக்கு நடந்தது நியாயமா என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். பாப்பாவுக்கு அநியாயம் நடக்கவில்லை. மெதுவாகப் போவது, பின்னால் ஒட்டிக்கொள்வது, கடைசியில் வேகத்தைக் கூட்டிக் கிக் அடிப்பது, உள்லேனில் அடைத்துவைப்பது, எல்லாமே 800 மீட்டரில் உண்டு. கல்லூரியில் ஓடியபோது நானும் செய்திருக்கிறேன், என்னிடமும் செய்திருக்கிறார்கள். அநியாயம் நடந்தது அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு. ஜிப்சோவுக்கு அன்று 25 வயது. என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தார், அவரே அப்புறம் ரயனிடம் மன்னிப்பும் கேட்டாராம். அதன்பின் 1972-இல் ஸ்டீபிள்சேஸ் என்கிற தடை தாண்டும் ஓட்டத்தில் ஒலிம்பிக் வெள்ளி வாங்கினார். அவருக்கு அடுத்த பந்தயம் இருந்தது. இந்தப் பெண்ணுக்கு 14 வயது. தன் காலால் ஜெயித்து மாவட்டப் போட்டிக்கு வந்தவளிடம், நீ தோற்பதற்காக ஓடு என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வருடம் அவளை ஓட விடுவார்களா, அவள் வீட்டில்தான் அனுப்புவார்களா, யாருக்குத் தெரியும்?

சித்தி: நான் அந்த சாருக்காகப் பேசினேன். இப்போது பேச முடியவில்லை. கோப்பை வேண்டும்தான். ஆனால் ஒரு பிள்ளையிடம் இப்படிச் சொல்லக் கூடாது. அவளையும் ஜெயிக்க ஓடு என்று சொல்லியிருந்தால் முதல் இரண்டு இடமும் அவர்களுக்கே வந்திருக்கலாமே, 5-உம் 3-உம்.

பெரியப்பா: பட்டாளத்தில் எனக்கும் ஒரு தடவை அப்படி உத்தரவு வந்தது. முன்னால் போய் இழுத்துவிட்டு ஒதுங்கிவிட்டேன். அப்போது எனக்கு 27 வயது, மறுப்பதென்றால் மறுத்திருக்கலாம். இருந்தாலும் அந்த மூன்றாவது சுற்று இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இரவு 8:04
சித்தப்பா: புகாரை அழித்துவிட்டேன். ஆனால் அந்தப் பள்ளியில் யாராவது கேட்க வேண்டுமே?

நான்: நாம் புகார் கொடுத்தால் அந்தப் பெண்ணைத்தான் பிடித்துக் கேட்பார்கள், யாரிடம் சொன்னாய் என்று. சித்தி, உங்கள் ஆசிரியர் கூட்டத்தில் பள்ளி பெயர் சொல்லாமல் பேச முடியுமா? வேகம் இழுக்க மட்டும் ஒரு பிள்ளையை இறக்கக் கூடாது என்று.

சித்தி: பேசுகிறேன். வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது.

பாப்பா: பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை சிம்ஸ் பார்க் மேட்டில் ஓடுகிறோமே, அவளையும் வரச் சொல்லட்டுமா? கேத்தி பக்கம்தான் வீடு.

பெரியப்பா: வரட்டும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல். காலை 6:30. முதல் நாள் வாட்ச் இல்லாமல் ஓடுவோம்.

அம்மா: அவள் ஷூ அளவு என்னம்மா?

பாப்பா: 4 இருக்கும்.

அம்மா: உன் பழைய ஸ்பைக்ஸ் 4 தானே. பரண் மேல் இருக்கிறது, அப்பா வந்ததும் எடுத்துத் தரச் சொல்கிறேன்.

அப்பா: பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டோம். பத்து நிமிடம்.